சோல்காலிபரை மறுபடி ஆடுவதற்கு முன்: ஒரு ட்ரீம்காஸ்ட் பெட்டியைச் சீர்செய்த பதிவு

பழைய சண்டை ஆட்டத்தை இருபத்தைந்து ஆண்டு கழித்து எடுத்து ஆடுகிறவர்கள் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். பட்டனை அழுத்துவதற்கும் வாள் அசைவதற்கும் நடுவில் ஏதோ இடைவெளி. அப்போது மின்னலாகத் தெரிந்தது இப்போது மந்தமாக இருக்கிறது என்கிறார்கள். டிவியில் மாட்டி ஆடும் சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்கு வந்த சோல்காலிபர் விஷயத்தில் அந்தப் பழியை ஆட்டத்தின் மேல் போடக் கூடாது. 1999-இல் விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், என்று எழுதப்பட்ட ஆட்டம் இன்றும் அதே 60 பிரேமில்தான் ஓடுகிறது. மாறியது சுற்றியிருப்பவைதான். துருவேறிய மின்முனை, தேய்ந்த ரப்பர், காய்ந்த கிரீஸ், எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த படத்தை வைத்துக் கணக்குப் போட்டு நிதானமாகக் காட்டும் தட்டைத் திரை டிவி. இவற்றை வரிசையாகச் சரிசெய்தால் ஆட்டம் பழைய கூர்மையோடு திரும்பி வரும். அந்த வரிசைதான் இந்தப் பதிவு.

பழைய கன்சோலைக் கணினியிலேயே போலிசெய்து ஓட்டும் எமுலேட்டர் இருக்க இவ்வளவு பாடு எதற்கு என்றால், இந்த ஆட்டத்தின் முழுமையான வடிவம் ட்ரீம்காஸ்ட்டில் இருப்பதும், அது எந்தக் கருவிக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் கருவியிலேயே ஆடிப் பார்ப்பதும்தான் காரணம். நாம்கோ இதை 1998-இல் ஆர்கேடுக்காக, அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்காக, சிஸ்டம் 12 போர்டில் வெளியிட்டது. அந்த போர்டு முதல் பிளேஸ்டேஷனின் கட்டமைப்பை ஒட்டியது. ட்ரீம்காஸ்ட்டுக்கு 1999 ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானிலும், செப்டம்பர் 9 அன்று கன்சோலோடு சேர்ந்தே வட அமெரிக்காவிலும் வந்தபோது உருவங்கள், பின்னணிகள் எல்லாம் புதிதாகச் செய்யப்பட்டிருந்தன. ஆர்கேடில் தட்டையாக நின்ற பின்னணிகள் இங்கே முப்பரிமாணத்தில் எழுந்தன. வீட்டுப் பதிப்பு ஆர்கேடை விட அழகாக இருந்தது அந்தக் காலத்தில் அபூர்வமான காரியம். ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் 40-க்கு 40 கொடுத்த இரண்டாவது ஆட்டம் இது. 2008-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் பதிப்பாக ஒன்று வந்தது. ஆனால் தனித்தனி நிபந்தனைகளோடு சண்டையிடும் மிஷன் பேட்டில் என்ற ஆட்டமுறை அதில் இல்லை. தனியாக ஆடுகிறவருக்கு இந்த ஆட்டத்தின் பாதி உயிர் அந்த மிஷன் பேட்டிலில்தான் இருக்கிறது.

வேலைக்கு வந்த பெட்டியில் நான்கு கோளாறுகள். ஒவ்வொரு முறை போட்டதும் தேதியும் நேரமும் கேட்கிறது. சண்டை நடுவே திடீரென்று, பெட்டியைப் போட்டதும் வரும் ட்ரீம்காஸ்ட்டின் சுழல் முத்திரைக்குத் திரும்பிவிடுகிறது. டிஸ்க்கைச் சில சமயம் படிக்கிறது, சில சமயம் படிப்பதில்லை. கன்ட்ரோலரில் கீழ்-இடது மூலை பிடிப்பதில்லை. நெடுநாள் பரண்மேல் கிடந்த எந்த ட்ரீம்காஸ்ட்டை எடுத்தாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும்.

திறப்பதற்கு முன்

பெட்டியைக் கவிழ்த்து அடி லேபிளைப் பார்க்க வேண்டும். ஒரு சிறு வட்டத்துக்குள் 0, 1, 2 என்ற எண்களில் ஒன்று இருக்கும். அதுதான் போர்டின் வகை. விஏ0, விஏ1, விஏ2 என்று சொல்வார்கள். பெரும்பாலும் கிடைப்பது விஏ1. விஏ0-வில் வெப்பத்தைக் குழாய் வழியாக விசிறிப் பக்கம் கொண்டுபோகும் அமைப்பு உண்டு; டிஸ்க்கைப் படிக்கும் டிரைவின் மின் தேவையும் வேறு. ஆகவே ஒரு வகையின் டிரைவைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

அடுத்து மின்னழுத்தம். ஜப்பான் பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட், ஐரோப்பியப் பெட்டி 220 முதல் 240 வோல்ட். மூன்றுக்கும் எட்டு வடிவ இருமுனை கேபிள்தான். டேப் ரெக்கார்டர் கேபிள் சரியாகப் பொருந்திவிடும் என்பதால்தான் ஆபத்து. நம் ஊர் 230 வோல்ட்டில் ஜப்பான் பெட்டியைச் செருகினால் அந்த நொடியே பவர் சப்ளை போய்விடும். இரண்டு வழி உண்டு. 230-இலிருந்து 100 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று; 50 வோல்ட்-ஆம்பியர் அளவு தாராளம். அல்லது ஐரோப்பியப் பெட்டியின் பவர் சப்ளை போர்டை வாங்கி அப்படியே மாற்றிவிடலாம். உள்ளே இணைக்கும் ஆறு முனைகளும் எல்லா நாட்டுப் பெட்டிகளிலும் ஒன்றுதான். இரண்டாவது வழியே மேல். டிரான்ஸ்ஃபார்மர் என்றைக்காவது ஒருநாள் மாட்ட மறந்துபோகும்.

பவர் கேபிளை உருவிய பின்பும் சப்ளை போர்டின் பெரிய மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். 230 வோல்ட் பெட்டியில் அது 325 வோல்ட் நேர்மின்சாரம் வரை. கை பட்டால் உதறித் தள்ளும். கேபிளை எடுத்த பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, அரை மணி நேரம் விட்டு, திறந்ததும் 10 கிலோஓம் 5 வாட் மின்தடை ஒன்றை அந்த மின்தேக்கியின் இரு முனையிலும் பத்து விநாடி வைத்து எடுக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரில் அளந்து 5 வோல்ட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று உறுதிசெய்தபின் கைவைக்கலாம். இந்த போர்டுக்கு உலோக மூடி கிடையாது. மேல் ஓட்டைத் தூக்கியதும் வெறுமையாகவே நிற்கும். மூடி திறந்த நிலையில் கரண்ட் கொடுத்துச் சோதிக்கிறவர் இதை ஒரு நொடியும் மறக்கக் கூடாது.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான்: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி, வெண்மை லித்தியம் கிரீஸ் ஒரு கடுகளவு, சால்டரிங் அயர்ன், எம்எல்2032 பேட்டரி ஒன்று, சிஆர்2032 பேட்டரி இரண்டு, மல்டிமீட்டர். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் மீதி பெரும்பாலும் தண்ணீர். அது முனைகளுக்கு ஆகாது.

மேல் ஓட்டைப் பிடித்திருப்பது நான்கு ஸ்க்ரூ. மூன்று கண்ணுக்குத் தெரியும். நான்காவது, பக்கவாட்டில் செருகியிருக்கும் மோடத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். மோடத்தின் பிடியை அழுத்தி இழுத்து எடுத்தால்தான் அது தெரியும். இதைக் கவனிக்காமல் நெம்பி ஓட்டின் மூலையை உடைத்த பெட்டிகள் சந்தையில் ஏராளம்.

நடுவில் தானாக ரீசெட் ஆவது

ட்ரீம்காஸ்ட்டின் தனி வியாதி என்றே இதைச் சொல்லலாம். ஆனால் ரீசெட்டில் இரண்டு வகை உண்டு. பிரித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால் நாள் வீணாகும். ஆட்டம் நின்று, சுழல் முத்திரை முதலிலிருந்து ஓடினால் மின்சாரம் ஒரு கணம் தடுமாறியிருக்கிறது என்று பொருள். சுழல் வராமல் நேராகக் கன்சோலின் மெனுவில் போய் நின்றால், மூடி திறந்துவிட்டதாகவோ டிஸ்க் போய்விட்டதாகவோ பெட்டி நினைத்திருக்கிறது. மூடியின் சுவிட்சையும் டிரைவையும்தான் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டியில் சுழல் ஓடியது.

காரணம் பவர் சப்ளைக்கும் தாய் போர்டுக்கும் நடுவே இருக்கும் அந்த ஆறு முனைகள். தாய் போர்டிலிருந்து ஆறு ஊசிகள் நிமிர்ந்து நிற்கும். சப்ளை போர்டு அவற்றின் மேல் உட்காரும். நடுவே கம்பி எதுவும் இல்லை. வழியும் மின்னோட்டமோ குறைவில்லை: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் மூன்றும் இதன் வழியேதான் போகின்றன. ஆண்டுகள் போகப் போக ஊசிமேல் ஆக்சைடு படியும், பொந்தின் பிடி தளரும், தொடும் இடத்தில் மின்தடை ஏறும். சூடானால் இன்னும் ஏறும். 3.3 வோல்ட் வரியில் சிறு சரிவு வந்தாலே சிப் விழுந்துவிடும். பெட்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, அரை மணி நேரம் ஆடியபின் விழுவது இதனால்தான். கடலோர ஊர்களில் இந்த ஆக்சைடு இன்னும் வேகமாகப் படியும்.

முதலில் டிரைவை எடுக்க வேண்டும். மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி நேராக மேலே தூக்கினால் அடியில் இருக்கும் இணைப்பியிலிருந்து விடுபடும். சாய்த்துத் தூக்கக் கூடாது. அப்புறம் சப்ளை போர்டு. அதன் ஸ்க்ரூக்களை எடுத்து அதையும் நேராகத் தூக்க வேண்டும். ஊசிகளைப் பார்த்தால் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் ஏறியிருக்கும்.

பஞ்சுக்குச்சியில் ஆல்கஹாலைத் தொட்டு ஒவ்வொரு ஊசியையும் நான்கு பக்கமும் அழுத்தித் தேய்த்து, பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் யோசனை வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் ஆறே மாதத்தில் முன்னிலும் மோசமாகக் கறுக்கும். பொந்துகளுக்குள் ஆல்கஹால் சொட்டு விட்டு, சப்ளை போர்டை ஊசிமேல் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கினால் உள்பக்க அழுக்கு உரசி வந்துவிடும். கடைசியாக, சிறு மூக்குக் குறட்டால் ஒவ்வொரு ஊசியையும் ஒரு மயிரிழை அளவுக்கு ஒரே பக்கமாகச் சாய்க்க வேண்டும். அப்போது பொந்தின் சுவரில் அழுத்தமாகப் பதியும். கண்ணால் பார்த்தால் சாய்ந்திருப்பது தெரியக் கூடாது, போர்டை ஏற்றும்போது கையில் இறுக்கம் தெரிய வேண்டும், அதுதான் அளவு. அதற்குமேல் வளைத்தால் ஊசியின் அடியில் உள்ள சால்டர் வெடிக்கும். ஏற்கெனவே வெடித்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்து, ஊசியைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு தெரிந்தால் புது சால்டர் விட்டு உருக்கிவிட வேண்டும்.

இது செய்தும் விழுந்தால் சப்ளை போர்டின் மின்தேக்கிகளைச் சந்தேகிக்கலாம். ஆனால் அனுபவத்தில் பத்தில் ஒன்பது பெட்டிகள் இந்தத் துடைப்பிலேயே எழுந்துவிடுகின்றன. முதலிலேயே மின்தேக்கி மாற்றக் கிளம்புவது தேவையற்ற அறுவைச் சிகிச்சை.

கடிகார பேட்டரி

முன்பக்கம், கன்ட்ரோலர் செருகும் போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது எம்எல்2032, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறும் 3 வோல்ட் லித்தியம் வகை. பெட்டி ஓடும்போது ஏறும், அணைத்திருக்கும்போது கடிகாரத்துக்குக் கொடுக்கும். கொள்ளளவு ஏறக்குறைய 65 மில்லிஆம்பியர் மணிதான். ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்தால் செத்துப்போவது நிச்சயம்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, அதே அளவில் கடையில் கிடைக்கும் சிஆர்2032-ஐப் போட்டுவிடுவது. அது சார்ஜ் ஏறாத வகை. சுற்று அதற்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வீங்கி, கசிந்து, போர்டைத் தின்றுவிடும். சார்ஜ் பாதையை டையோடு வைத்துத் தடுத்துச் செய்கிறவர்கள் உண்டு. அது வேலை செய்யும். ஆனால் எம்எல்2032 வாங்கக் கிடைக்கும்போது ஏன் சுற்றைக் கெடுக்க வேண்டும்? எல்ஐஆர்2032 என்ற இன்னொன்று 3.6 வோல்ட் வகை. எம்எல்லுக்காக அமைத்த சார்ஜ் சுற்றில் அது முழுதாக நிரம்பாது, சீக்கிரம் சோர்ந்துவிடும்.

பழைய பேட்டரியின் காதுகளைக் கத்தரித்து முதலில் உடம்பை எடுத்துவிட்டு, பிறகு போர்டில் மிஞ்சிய கால்களை உருக்கி எடுப்பதுதான் பாதுகாப்பு. பேட்டரி இருக்கும்போதே நெடுநேரம் சூடு காட்டினால் வெடிக்கும். புதிதாக பேட்டரி ஹோல்டர் வைக்கப் போகிறவர்கள் உயரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். தாழ்வான வகைதான் ஓட்டுக்கு அடியில் அடங்கும். மாற்றியபின் ஒருமுறை தேதியைக் கொடுத்து, சில மணி நேரம் பெட்டியை ஓடவிட்டால் சார்ஜ் பிடித்துக்கொள்ளும். மாட்டிய உடனே அணைத்துவிட்டு "இதுவும் செத்தது" என்று முடிவுகட்ட வேண்டாம்.

இதே போர்டில் எஃப்1 என்று குறியிட்ட ஃபியூஸ் ஒன்று உண்டு. நான்கு கன்ட்ரோலர் முனைகளும் ஒன்றாகச் செத்திருந்தால் முதலில் அதன் தொடர்ச்சியை மல்டிமீட்டரில் பார்க்கலாம். போர்டைத் தாய் போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிள் சரியாக உட்காராவிட்டாலும் இதே அறிகுறிதான் வரும்.

டிஸ்க்கும் லென்ஸும்

ட்ரீம்காஸ்ட் டிஸ்க் ஜிடி-ரோம் என்ற வகை, யமஹாவோடு சேர்ந்து உருவாக்கியது. அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் நடுவே ஒரு வளையம் தெரியும். அதற்கு உள்ளே சாதாரண சிடி அடர்த்தியில் 35 எம்பி அளவு. வெளியே நெருக்கிப் பதித்த பகுதி, ஏறக்குறைய 1 ஜிபி. ஆட்டம் முழுக்க வெளிப்பகுதியில்தான் இருக்கிறது. அதிலும் சுழலும் வேகம் மாறாத டிரைவில் விளிம்பை நெருங்க நெருங்கப் படிப்பு வேகம் கூடும் என்பதால், முக்கியத் தரவுகளை விளிம்பு ஓரத்தில் வைப்பது வழக்கம். ஆகவே விளிம்பில் இருக்கும் கீறல், உள்ளே இருக்கும் கீறலை விடப் பெரிய பகை. பழைய டிஸ்க் வாங்கும்போது இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லேபிள் பக்கத்தை விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித் துளை போல வெளிச்சம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்யலாம். லேபிள் பக்கம் போனால் தரவே போயிற்று, மருந்து இல்லை.

இன்னொன்று, நாட்டுப் பூட்டு. ஜப்பான் டிஸ்க்கை ஐரோப்பியப் பெட்டியில் போட்டால் டிஸ்க்கும் நல்லதாக இருக்கும், லென்ஸும் நன்றாக இருக்கும், ஆட்டம் மட்டும் எழாது. இதைத் தெரியாமல் லென்ஸை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

லென்ஸை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் நடுவிலிருந்து வெளியே சுற்றாக, எடை கொடுக்காமல் துடைத்து, ஐந்து நிமிடம் உலர விட வேண்டும். அடுத்தது, லென்ஸ் வண்டி ஓடும் தண்டவாளக் கம்பி. பழைய கிரீஸ் தேன்பாகு போல இறுகியிருக்கும். பஞ்சில் துடைத்தெடுத்து, புது கிரீஸை விரல் நுனியில் மெல்லிய படலமாக மட்டும் தடவ வேண்டும். கையால் வண்டியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்திப் பார்த்தால் எங்கும் தட்டக் கூடாது. இந்தப் பெட்டியில் டிஸ்க் படிக்காத கோளாறு லென்ஸால் வந்ததே இல்லை, இந்தக் கம்பியால்தான். வண்டி விளிம்புவரை போய்ச் சேராமல் பாதியில் சிக்கியது. அதனால் உள்பகுதியைப் படித்துவிட்டு ஆட்டத்தைத் தேடும்போது நின்றது.

லேசரின் பலத்தைக் கூட்டும் சிறு பொட்டென்ஷியோமீட்டரைத் திருகிப் பார்க்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. துடைப்பும் கிரீஸும் முடிந்து அப்புறமும் படிக்காவிட்டால் மட்டுமே அதைத் தொட வேண்டும். தொடுவதற்கு முன் இப்போதிருக்கும் நிலையை மார்க்கரால் குறித்து, மின்தடையை அளந்து எழுதிவைத்து, ஒருமுறைக்கு ஐந்து பாகைக்கு மேல் திருகாமல் சோதிக்க வேண்டும். மின்தடை குறைந்தால் லேசருக்குப் போகும் மின்னோட்டம் கூடும். இன்று படிக்கும், ஆனால் டையோடின் ஆயுள் சுருங்கும்.

டிரைவையே எடுத்துவிட்டு எஸ்டி கார்டிலிருந்து ஓட்டும் ஜிடிஎமு போர்டு உண்டு. டிரைவ் முழுதும் செத்திருந்தால் அது நல்ல வழி. ஆனால் டிரைவ் போனால் 12 வோல்ட் வரியில் சுமையே இருக்காது, சப்ளை போர்டு கூடுதலாகச் சூடாகும். அதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டிவரும். ஓடுகிற டிரைவைக் கழற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. சோல்காலிபரில் ஏற்றும் நேரம் மிகக் குறைவு. அந்தச் சுழலும் சத்தத்தோடுதான் ஆடினால் என்ன.

கன்ட்ரோலர்

இந்த ஆட்டத்தின் அடிப்படை எட்டுத் திசை ஓட்டம். ஒரு திசையை அழுத்திப் பிடித்தால் வீரர் அந்தத் திசையில் களத்தில் நடப்பார். அதற்கு முந்தைய சண்டை ஆட்டங்கள் பெரும்பாலும் முன்னே பின்னே என்ற ஒரே கோட்டில் நின்றன. பக்கவாட்டு நகர்வு தனிச் சலுகையாகத்தான் இருந்தது. இங்கே மூலைத் திசை ஒன்று பிடிக்காவிட்டால் ஆட்டத்தின் பாதி போய்விடும். ஆகவே கன்ட்ரோலருக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

முதலில் பட்டன்கள். எக்ஸ் கிடைவெட்டு, ஒய் நெடுவெட்டு, பி உதை, ஏ தடுப்பு. பக்கவாட்டில் நகர்கிறவரை நெடுவெட்டு தவறவிடும், கிடைவெட்டு பிடித்துவிடும். இந்த ஒற்றை விதியிலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைக்கின்றன.

சோதனைக்குப் பயிற்சி முறையே போதும். கிலிக்கைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அவர் கையில் இருக்கும் நெடுங்கம்பின் பெயர் கலி-யுகா, சிலம்பம் பார்த்த கண்களுக்கு அந்தச் சுழற்று உடனே பிடிக்கும். எதிரியை அசையாமல் நிற்கவைத்து, திசைப் பட்டனை ஒவ்வொரு திசையிலும் மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். வீரர் இடறாமல் ஓடினால் அந்தத் திசை நல்லது. மூலைத் திசையில் திடீரென்று குனிந்தாலோ குதித்தாலோ இரண்டு தொடுமுனைகளில் ஒன்று விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்று பொருள். அடுத்து, கிடைவெட்டு, நெடுவெட்டு, உதை மூன்றையும் ஒன்றாக அழுத்த வேண்டும். சோல் சார்ஜ் வந்து ஆயுதத்தைச் சுற்றி ஒளி எழ வேண்டும். பத்து முறையில் இரண்டு முறை வெட்டோ உதையோ வந்துவிட்டால் அந்தப் பட்டனின் ரப்பர் மற்றவற்றை விட முந்தியோ பிந்தியோ தொடுகிறது.

கன்ட்ரோலரைப் பிரித்தால் ரப்பர் விரிப்பின் அடியில் கருப்புக் கார்பன் பொட்டுகள் தெரியும். இவற்றை ஆல்கஹாலில் அழுத்தித் தேய்த்தால் கார்பனே உரிந்துவிடும். ஒருமுறை லேசாக ஒற்றி எடுத்தால் போதும். போர்டின் பக்கத்தை நன்றாகத் துடைக்கலாம். ரப்பரின் சுவர் கிழிந்திருந்தால் ஒட்டுவேலை நிற்காது; விரிப்பையே மாற்ற வேண்டும்.

கட்டைவிரல் குச்சியைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. அதிலும் சுட்டுவிரலால் அழுத்தும் இரு விசைகளிலும் காந்தத்தை உணரும் ஹால் சென்சார்கள்தான் இருக்கின்றன. உரசும் பாகம் இல்லாததால் இக்காலக் கன்ட்ரோலர்களைப் பிடித்தாட்டும் தானாக நகரும் நோய் இதற்குக் குறைவு. ஒரே நிபந்தனை, பெட்டியைப் போடும்போது குச்சியையும் விசைகளையும் தொடக் கூடாது. அந்தக் கணத்தில் இருக்கும் இடத்தையே நடுநிலை என்று எடுத்துக்கொள்ளும்.

கன்ட்ரோலரில் செருகும் விஎம்யு நினைவு அட்டை, பெட்டியைப் போட்டதும் நீளமாகக் கத்தினால் உள்ளே இரண்டு சிஆர்2032 பேட்டரியும் தீர்ந்திருக்கின்றன. சேமித்த ஆட்டம் அழிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அது ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, பேட்டரி இல்லாமலும் தங்கும். பேட்டரி அதன் சிறு திரைக்கும் கடிகாரத்துக்கும் மட்டுந்தான். இங்கே போட வேண்டியது சிஆர் வகை. பெட்டிக்குள் போட்ட எம்எல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

படம்: மந்தத்தின் உண்மையான இருப்பிடம்

பெட்டியோடு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிளைத் தட்டை டிவியில் மாட்டினால் இரண்டு தீமை. நிறமும் ஒளியும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் வாள் விட்டுச்செல்லும் ஒளித்தடத்தின் விளிம்பில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அது பொறுக்கலாம். பொறுக்க முடியாதது, ஒற்றை இரட்டை வரிகளாகப் பிரிந்து வரும் படத்தை டிவி சேர்த்துத் தைத்து, பெரிதாக்கி, அழகுபடுத்திக் காட்டுவதற்கு எடுக்கும் நேரம். ஒரு பிரேம் 16.7 மில்லிவிநாடி. டிவி 50 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் மூன்று பிரேம் பழைய படத்தைப் பார்த்துத்தான் ஆடுகிறோம்.

இந்த ஆட்டத்தில் அந்த மூன்று பிரேமின் விலை அதிகம். கார்டு இம்பாக்ட் என்று ஒன்று உண்டு: எதிரியின் வெட்டு வந்து சேரும் தருணத்தில் முன்திசையோடு தடுப்பை அழுத்தினால் அவருடைய ஆயுதம் விலகித் தெறிக்கும், பின்திசையோடு அழுத்தினால் அவர் வேகத்தையே வாங்கிக்கொண்டு ஆளைக் கடத்திவிடலாம். தருணம் தவறினால் திறந்த மார்போடு வெட்டு வாங்க வேண்டும். பிடியெறிதலிலிருந்து தப்புவதும் அப்படியே: எதிரி எந்தப் பட்டனால் பிடித்தாரோ அதே கிடைவெட்டையோ நெடுவெட்டையோ அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். கண்ணால் பார்த்து எதிர்வினை செய்ய முடியாமல் ஊகத்தில் ஆடும் நிலை வந்தால், ஆட்டம் மந்தமாகிவிட்டது என்றுதான் தோன்றும்.

மருந்து ட்ரீம்காஸ்ட்டிலேயே இருக்கிறது. பின்புற முனையில், கணினி மானிட்டருக்குப் படம் அனுப்பும் விஜிஏ பெட்டி அல்லது விஜிஏ கேபிளைச் செருகினால் கன்சோல் 31 கிலோஹெர்ட்ஸில், 640×480 முழுப் படமாக, வரி பிரியாமல் அனுப்பும். சில ஆட்டங்கள் இந்த முறையை ஏற்காது. சோல்காலிபர் தயக்கமில்லாமல் ஏற்கும். ஐரோப்பியப் பெட்டியில் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்ற தொல்லையும் இதில் இல்லை, விஜிஏ என்றாலே 60தான். சாதாரணக் கேபிளில் ஆடும்போது அந்தக் கேள்வி வந்தால் எப்போதும் 60-ஐயே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விஜிஏவை எங்கே மாட்டுவது? முதல் இடம் பழைய குழாய் வகைக் கணினி மானிட்டர். தாமதம் என்பதே கிடையாது, கருப்பு கருப்பாகவே இருக்கும். பழைய இரும்புக் கடைகளிலும் மூடிய கணினி மையங்களிலும் 17 அங்குல மானிட்டர்கள் இன்னும் தென்படுகின்றன. இரண்டாவது, விஜிஏ முனை உள்ள எல்சிடி மானிட்டர். டிவியை விட இதற்கு அலங்காரம் குறைவு, ஆகவே தாமதமும் குறைவு. எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள திரை என்றால் நடுவில் மாற்றி வேண்டும். மலிவான மாற்றிகள் படத்தை 16:9-க்கு இழுத்துவிடும், சில 640 புள்ளியை 720 என்று எண்ணிப் படத்தைக் கலங்கச் செய்யும். ஓஎஸ்எஸ்சி போன்ற வரி இரட்டிப்புக் கருவியில் 480 வரி அமைப்பை டிடிவி என்பதிலிருந்து விசா 640×480 என்று மாற்றிவைத்தால் புள்ளிக்குப் புள்ளி சரியாக உட்காரும். டிவியில் கேம் மோடு கட்டாயம். வடிவத்தை 4:3-இல் வைக்க வேண்டும். அகலமாக இழுத்த படத்தில் தூரக் கணிப்பு கெட்டுவிடும். ஐவியின் பாம்பு வாள் எதுவரை எட்டும் என்பது கண்ணளவுக் கணக்கு.

தாமதத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசி போதும். கன்ட்ரோலரையும் திரையையும் ஒரே சட்டத்தில் வைத்து, பயிற்சி முறையில் கிடைவெட்டை இருபது முறை அழுத்திப் பதிவுசெய்ய வேண்டும். பட்டன் அடிமட்டம் தொடும் படத்திலிருந்து வீரர் முதலில் அசையும் படம் வரை எண்ணி, சராசரி எடுக்கலாம். கைபேசியின் நான்கு படம் ஆட்டத்தின் ஒரு பிரேம். இந்த எண்ணிக்கையில் கன்ட்ரோலரைக் கன்சோல் படிக்கும் நேரமும் சேர்ந்தே இருக்கும் என்பதால் தனியாகப் பார்த்துப் பயனில்லை. அதே அளவீட்டை அதே வீரரோடு, அதே அடியோடு குழாய் மானிட்டரிலும் எடுத்து இரண்டையும் கழிக்க வேண்டும். வித்தியாசம் 12 படம் என்றால் டிவி மட்டும் 50 மில்லிவிநாடி தின்கிறது. நான்குக்குள் இருந்தால் தாராளமாக ஆடலாம்.

மூடியபின்

ஓட்டை மாட்டி, நான்கு ஸ்க்ரூவையும் இட்டு, மோடத்தைச் செருகியபின் ஆட்டத்தைப் போட்டுத் தலைப்புத் திரையில் அப்படியே விட்டுவிட வேண்டும். சிறிது நேரத்தில் முன்னோட்டக் காட்சிகளைத் தானே சுழற்றி ஓட்டிக்கொண்டிருக்கும். டிரைவ், சிப், சப்ளை மூன்றுக்கும் இடையறாத சுமை. இரண்டு மணி நேரம். நடுவில் இடதுபுறக் காற்றுத் துளையில் கைவைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பான காற்று வெளியே தள்ளப்பட வேண்டும். காற்றே வராவிட்டால் உடனே அணைத்து விசிறியின் இணைப்பைப் பார்க்க வேண்டும். சுழல் முத்திரை மறுபடி ஒருமுறை தோன்றினாலும் ஊசிகளுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். இந்தப் பெட்டியில் தோன்றவில்லை.

இனி ஆட்டம். தொடக்கத்தில் மிட்சுருகி, சியாங்ஹுவா, கிலிக், நைட்மேர், ஆஸ்டராத், சோஃபிடியா, ஐவி, மேக்ஸி, வோல்டோ, டாகி என்று பத்துப் பேர். ஆர்கேட் முறையை ஒவ்வொருவரைக் கொண்டு முடிக்க முடிக்க ஹ்வாங், யோஷிமிட்சு, லிசார்ட்மேன், சீக்ஃப்ரீட், ராக், சோங் மினா, செர்வாண்டெஸ், எட்ஜ் மாஸ்டர் என்று வருவார்கள். பத்தொன்பதாவதான இன்ஃபெர்னோ கிடைக்க மிஷன் பேட்டிலையும் ஆட வேண்டும். வோல்டோ கையில் இருப்பவை இந்தியக் கட்டாரிகள், மனஸ், ஆயுஸ் என்று பெயர். கார்டு இம்பாக்ட் பழக வேண்டுமென்றால் நைட்மேரை எதிரே நிறுத்துவது நல்லது. அந்தப் பெருவாள் கிளம்பி வந்து சேர நேரம் எடுக்கும், கை தருணத்தைக் கற்றுக்கொள்ளும். பிறகு டாகி. அவருடைய குறுவாளுக்கு எதிரே பத்தில் நான்கு முறை தெறிக்கவைக்க முடிந்தால் திரையும் கன்ட்ரோலரும் சரியாக இருக்கின்றன.